கருத்தடை மாத்திரை: உடம்புக்குள் என்ன நடக்கிறது, யார் எதற்காக எதிர்க்கிறார்கள்?

கருத்தடை மாத்திரை என்றதும் வரும் கேள்விகளில் பாதி உடம்பைப் பற்றியவை, பாதி பாவ புண்ணியத்தைப் பற்றியவை. பின்னதற்குப் பதில் சொல்ல வருகிறவர்களில் பலருக்கு முன்னது அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரும் என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். இந்தப் பக்கத்தால் முடியாது.

மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது?

மாதாமாதம் ஒரு முட்டை சினைப்பையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிடமிருந்து உத்தரவு வர வேண்டும். எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் முட்டையை வளர்க்கிறது. அப்புறம் மாதத்தின் நடுவில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று எகிறுகிறது. அதற்குப் பிறகு ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியே வருகிறது.

வழக்கமான மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள்: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டின் ஒன்று. இவை தினமும் ரத்தத்தில் ஒரே அளவில் இருந்துகொண்டிருந்தால், சினைப்பை ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. எஃப்.எஸ்.எச். குறைகிறது, எல்.எச். எகிறுவதில்லை, முட்டை வெளிவருவதில்லை. முக்கியமான வேலை இதுதான்.

கூடவே இன்னும் இரண்டு நடக்கின்றன. கருப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. கருப்பையின் உள்சவ்வு மெலிந்துபோகிறது. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைச் சண்டையில் பெரும்பகுதி இதை வைத்துத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாலா-என் அட்டையில் பழுப்பு மாத்திரை எதற்கு?

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் 28 மாத்திரைகள் இருக்கும். வெள்ளை 21, பழுப்பு 7. வெள்ளை ஒவ்வொன்றிலும் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் 0.15 மில்லிகிராம், எத்தினில் எஸ்ட்ராடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம். பழுப்பில் ஹார்மோன் கிடையாது. வெறும் இரும்புச் சத்து. ரத்தசோகை அதிகமுள்ள நாட்டில் நல்ல யோசனைதான். தினமும் ஒன்று என்ற பழக்கமும் விட்டுப்போகாது. கடையில் விற்கும் மாலா-டி-யும் இதே சரக்குதான்.

பழுப்பு மாத்திரை போடும் நாட்களில் வரும் ரத்தப்போக்கை எல்லோரும் பீரியட்ஸ் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஹார்மோன் நின்றதால் சவ்வு உதிர்வது. அந்த மாதம் முட்டையே வரவில்லை. மாதாமாதம் தீட்டு வந்தால்தான் பெண்களுக்கு நிம்மதி என்று கருதி, முதல் மாத்திரையை உருவாக்கியவர்கள் இப்படி அமைத்தார்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால் மாத்திரையைத் தொடர்வதோடு 7 நாள் ஆணுறையும் வேண்டும். மறக்காமல் போட்டால் ஆண்டுக்கு 1000 பெண்களில் 3 பேருக்குத்தான் கரு தங்கும்; நிஜ வாழ்க்கையில், மறதியையும் சேர்த்தால், 100-க்கு 7 பேர். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் அல்லது கார்பமாசெபைன் சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறைந்துவிடும். எழுதித் தருகிறவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

அரசு போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி எப்படி?

டி.எம்.பி.ஏ. என்ற புரோஜெஸ்டின், 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஈஸ்ட்ரோஜன் இல்லை. முட்டை வெளிவருவதை நன்றாகவே தடுக்கும். ஆனால் தீட்டு தாறுமாறாகும்: சிலருக்குத் திட்டுத்திட்டாக நாள் கணக்கில் படும், சிலருக்கு அடியோடு நின்றுவிடும். முதல் ஊசிக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சமாளித்துக்கொள்வார்கள். சொல்லாமல் போட்டால், உடம்பில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள்.

ஊசி போடும் காலத்தில் எலும்பின் அடர்த்தி குறைகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-ல் இதைக் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். இன்னொன்று, உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. தலைவலி வந்தால் மாத்திரையை மறுநாளே நிறுத்திவிடலாம். ஊசி என்றால் மூன்று மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

சாயா மாத்திரை ஹார்மோன் இல்லை என்கிறார்களே?

சரிதான். அதிலுள்ள சென்ட்குரோமான் ஸ்டீராய்டு ஹார்மோன் அல்ல. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் கண்டுபிடிப்பு; 1991 முதல் சஹேலி என்ற பெயரில் விற்பனையில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. வாந்தி, தலைசுற்றல் குறைவு. ஆனால் இது வேலை செய்யும் விதம் வேறு. முட்டை வெளிவருவதை இது பொதுவாகத் தடுப்பதில்லை. கருப்பையில் ஈஸ்ட்ரோஜனின் வேலையை மறித்து, கரு ஒட்ட முடியாதபடி செய்கிறது. கீழே இதற்குத் திரும்ப வருவேன்.

கோயிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையும் இதுதானா?

இல்லை. அது நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம். நாளுக்கு மூன்று வேளை, தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்து. அதை நம்பிக் கருத்தடை என்று இருந்துவிடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், கருத்தடை மாத்திரை என்றால் "அய்யோ, ஹார்மோன்" என்று பதறும் வீடுகளில் சீமந்தத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் இதைச் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுப்பார்கள். இதுவும் ஹார்மோன்தான், அளவும் கொஞ்சமல்ல. காலில் ரத்தக்கட்டு வந்த பெண்ணுக்கு இதுவும் ஆபத்து.

ரத்தக்கட்டு வரும், புற்றுநோய் வரும் என்பது உண்மையா?

ரத்தக்கட்டு உண்மை, அளவைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரையில் 5 முதல் 7. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), முகப்பரு என்று எழுதித் தரப்படும், டிராஸ்பைரினோன் என்ற புரோஜெஸ்டின் கலந்த மாத்திரையில் 9 முதல் 12. கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த ஆபத்து இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. கடைசி வரியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு, சாப்பிடும் காலத்தில் சற்று கூடுகிறது. 2017-ல் வெளியான டென்மார்க் ஆய்வின் கணக்குப்படி ஆண்டுக்கு 7,690 பெண்களுக்கு ஒருவர் கூடுதல். சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்கள் குறைகின்றன. இதுவும் நன்றாக நிரூபணமானதுதான்.

35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், கண்ணில் பூச்சி பறந்து அப்புறம் ஒற்றைத் தலைவலி வருகிறவர், முன்பு ரத்தக்கட்டு வந்தவர், பச்சை உடம்புக்காரர் — இவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தொடக் கூடாது.

நிறுத்தினால் குழந்தை பிறக்காதா?

பிறக்கும். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே முட்டை வரத் தொடங்கிவிடும். ஊசிக்குத்தான் தாமதம்: கடைசி ஊசியிலிருந்து கரு தங்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகலாம். நிரந்தர மலடு என்பது வதந்தி.

"இதுவும் ஒரு கருக்கலைப்புதான்" என்கிறார்களே?

இதைத் தள்ளிவிட்டுப் போகாமல் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிர் எப்போது தொடங்குகிறது என்பது ஆய்வகம் தீர்க்கும் விஷயமல்ல. மாத்திரை எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பது ஆய்வகம் தீர்க்க வேண்டிய விஷயம். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் கரு கருப்பையில் ஒட்டும்போதுதான் கர்ப்பம் தொடங்குவதாக எடுத்துக்கொள்கின்றன. விந்தும் முட்டையும் சேர்ந்த நொடியிலேயே மனித உயிர் என்று நம்புகிறவருக்கு, ஒட்டவிடாமல் செய்வதும் உயிரைப் போக்குவதே. ஆக, ஒரே நிகழ்வை ஒருவர் கருத்தடை என்பார், இன்னொருவர் கருக்கலைப்பு என்பார்.

இனி, முறை முறையாக. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முட்டை வருவதே அபூர்வம். எனவே கரு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. சவ்வு மெலிவது உண்மை. தப்பி வந்த ஒரு முட்டை கருவாகி, மெலிந்த சவ்வால் ஒட்டாமல் போகிறதா என்றால், அப்படி நடப்பதாக நேரடி ஆதாரம் இல்லை. ஒருபோதும் நடக்காது என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் கரு ஒட்டுவதற்கு முன் கண்டுபிடிக்க ரத்தத்திலோ சிறுநீரிலோ வழக்கமான பரிசோதனை ஒன்றும் கிடையாது. அவசரகால மாத்திரை, அதாவது 72 மணி நேரத்துக்குள் போடும் 1.5 மில்லிகிராம் லெவோனார்ஜெஸ்ட்ரல், எல்.எச். எகிறுவதற்கு முன்பு போட்டால் முட்டையைத் தள்ளிப்போடும். முட்டை வந்த பிறகு போட்டால் பலனில்லை. கரு ஒட்டுவதைத் தடுக்கக்கூடும் என்று முன்பு அதன் விளக்கத்தாளில் இருந்த வரியை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் நீக்கிவிட்டது.

ஆனால் சாயா கதை வேறு. அது பெரும்பாலும் கரு உருவான பிறகே வேலை செய்கிறது. கருவுற்ற கணத்திலேயே உயிர் என்று நம்பும் பெண் மாலா-என்னை மறுத்து, "இது ஹார்மோன் இல்லை, பயப்படாதே" என்ற பேச்சை நம்பிச் சாயாவை வாங்கிக்கொண்டால், தன் மனசாட்சிக்கு மிகவும் உறுத்தும் மருந்தையே தேர்ந்தெடுத்தவளாகிறாள். அந்த நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அவளிடம் இதைச் சொல்லாமல் கொடுப்பது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

அவசரகால மாத்திரை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதா?

சட்டப்படி தடை இல்லை. சீட்டில்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2005-ல். ஆனாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பல ஆண்டுகளாக இதை வாங்கி வைப்பதே அரிதாக இருந்துவருகிறது. பெங்களூரிலிருந்து வரும் தோழிகளிடம் சொல்லி வாங்கிவைக்கிறவர்கள் உண்டு. 72 மணி நேரக் கெடு உள்ள மருந்துக்கு இந்த நிலைமை.

கத்தோலிக்கத் திருச்சபை எதிர்ப்பது ஏன்? கருக்கலைப்பு என்பதாலா?

முதன்மையான காரணம் அது அல்ல. 1968 ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் வைக்கும் வாதம் இது: தம்பதியர் உறவில் அன்பும் உயிர் பிறப்பிக்கும் தன்மையும் பிரிக்க முடியாதவை, மனிதர் வேண்டுமென்றே ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கக் கூடாது. அதனால்தான் முட்டையைத் தொடாத ஆணுறைக்கும் அதே மறுப்பு. மாதத்தில் கரு தங்காத நாட்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் இயற்கை முறைக்கு அனுமதி உண்டு. அங்கே உறவின் இயல்பை யாரும் மாற்றவில்லை என்பது விளக்கம்.

இந்த வேறுபாடு எல்லாக் கத்தோலிக்கரையும் சமாதானப்படுத்தவில்லை. மாத்திரையைச் சோதித்த அமெரிக்க மருத்துவர் ஜான் ராக் தவறாமல் பூசைக்குப் போகிறவர். உடம்பே சுரக்கும் ஹார்மோனைப் போன்ற ஒன்றால் பாதுகாப்பான நாட்களை நீட்டிக்கிறோம், அவ்வளவுதானே என்று அவர் வாதாடினார். திருத்தந்தையே நியமித்த ஆணையத்திலும் பெரும்பான்மையினர் மாற்றத்தை ஆதரித்தார்கள். திருத்தந்தை ஏற்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: நோய்க்கான சிகிச்சையாக, கருத்தடையை நோக்கமாகக் கொள்ளாமல், இந்த ஹார்மோன்களைச் சாப்பிட அதே சுற்றுமடல் அனுமதிக்கிறது. பிசிஓடிக்கோ அதிக ரத்தப்போக்குக்கோ மருத்துவர் எழுதித் தந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு கத்தோலிக்கப் பெண் குற்ற உணர்வில் தவிக்க வேண்டியதில்லை.

மற்ற மதங்கள்?

இஸ்லாமிய அறிஞர் பலர், தம்பதியர் இருவரும் சம்மதித்தால் தற்காலிக முறைகளை ஏற்கிறார்கள். நிரந்தர அறுவை சிகிச்சையில்தான் கருத்து வேறுபாடு அதிகம். ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930-லேயே கருத்தடைக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்துவிட்டார்கள். இந்து சமயத்தில் இப்படி ஆணையிடும் ஒற்றைத் தலைமை கிடையாது. அந்த வேலையை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

காந்தி எதிர்த்தார், பெரியார் ஆதரித்தார் என்பது சரியா?

சரி. இருவரும் பேசியது மாத்திரை வருவதற்கு முன்பு, பொதுவாகக் கருத்தடை பற்றி. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து தங்கிய, கருத்தடைக்காகப் போராடிய அமெரிக்கர் மார்கரெட் சேங்கரிடம், கருத்தடைச் சாதனங்கள் இச்சையை வளர்க்கும், புலனடக்கமே வழி, பெண்கள் கணவனை மறுக்கக் கற்க வேண்டும் என்று காந்தி வாதாடினார். மறுத்தால் அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

பெரியார் 1930 வாக்கிலேயே தன் குடிஅரசு இதழில் எழுதியது அக்காலத்து ஆதரவாளர்களிடமிருந்தும் தனித்து நிற்கிறது. தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காக என்று மற்றவர்கள் கருத்தடை கேட்டபோது, பெண் விடுதலைக்காக வேண்டும் என்றார் அவர்.

பெண்ணிய இயக்கங்களே எதிர்த்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

என்னைக் கேட்டால், பதில் சொல்லக் கடினமான எதிர்ப்பு இதுதான். மருந்து கூடாது என்பதல்ல. எங்களிடம் சொல்லாமல் எங்கள் மேல் சோதிக்காதே என்பது.

1956-ல் போர்ட்டோ ரிக்கோவில், ரியோ பியெத்ராஸ் என்ற இடத்துக் குடியிருப்பில், ஏழைப் பெண்களிடம் முதல் மாத்திரையைக் கொடுத்தார்கள். கரு தங்காது என்று சொன்னார்கள்; சோதனை என்று சொல்லவில்லை. அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் 0.15 மில்லிகிராம், இன்றைய மாலா-என்னில் இருப்பது 0.03. பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டலும் தலைசுற்றலும் தலைவலியும் இருக்கிறது, பக்கவிளைவுகள் அதிகம் என்று எழுதினார். திட்டத்தின் தலைவர் கிரெகரி பிங்கஸ் அவற்றைப் பெரும்பாலும் மனப்பிரமை என்று ஒதுக்கினார். 1960-ல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி கிடைத்தது. பத்தாண்டு கழித்து, மாத்திரையின் ஆபத்துகளை அமெரிக்க செனட் விசாரித்தபோது, அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கத்தினார்கள். அதே ஆண்டு, அட்டையோடு எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவு வந்தது.

நம் பக்கத்திலும் நடந்தது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில், 1980களின் நடுவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியைச் சோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெண்களை வரவழைத்தார்கள். இது சோதனை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினர் போய் விளக்கியதும் பலர் ஊசி வேண்டாம் என்று எழுந்து போனார்கள். 1986-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. டி.எம்.பி.ஏ. ஊசி 1990களிலேயே தனியாரிடம் கிடைத்தும், அரசுத் திட்டத்தில் அந்தரா என்று வர 2017 வரை ஆனதற்கு இந்த எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிகச் சொற்பம். இரண்டு பிள்ளை, உடனே ஆபரேஷன் என்ற பாதையைத் தவிர வேறு எதுவும் பல பெண்களுக்குக் காட்டப்படவே இல்லை. ஊசியை எதிர்த்தவர்கள் கேட்டதும் தேர்வைத்தான், ஆதரித்தவர்கள் கேட்டதும் தேர்வைத்தான்.

ஆண்களுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை?

முயன்றார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் 320 ஆண்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஊசி போட்டார்கள். நன்றாகவே வேலை செய்தது. மனநிலை மாற்றம், பரு, ஊசி போட்ட இடத்தில் வலி என்று புகார்கள் வந்ததும், பாதுகாப்பை மேற்பார்வையிட்ட குழு 2011-ல் நிறுத்தச் சொன்னது. டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்துப் போட்ட மருந்து எது தெரியுமா? பட்டன்செருவில் பெண்களுக்குப் போட வந்த அதே நெட்-என். நிறுத்தியது தப்பென்று சொல்லமாட்டேன். சோதனை என்றால் அப்படித்தான் கண்காணிக்க வேண்டும். 1956-ல் அந்தக் கண்காணிப்பு இல்லை என்பதுதான் ஆத்திரம்.

கணவர் கையெழுத்து வேண்டுமா?

மாத்திரைக்கோ ஊசிக்கோ வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கே, செய்துகொள்கிறவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. "வீட்ல யாரு வந்திருக்கா?" என்று கேட்பது பழக்க தோஷம். வீட்டில் கலந்து பேசுவது உங்கள் விருப்பம். ஊசி போட உட்காரும்போது நர்சம்மாவிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: மருந்தின் பெயர் என்ன, தீட்டு எப்படி மாறும், அடுத்த தேதி எது. தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.